மஞ்சள் பையோடு வடசென்னையில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்

காலை நாலரைக்கு அம்மா எழுப்பிவிட்டாள். திண்ணையில் ஐந்து மஞ்சள் பைகள் கட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு படி கேழ்வரகு மாவு, அரைப்படி மல்லாட்டைப் பருப்பு (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), ஒரு பொட்டலம் மோர் மிளகாய். "சென்னைக்குப் போறவங்களை உங்க ஆயா வெறுங்கையோட அனுப்பினதே இல்ல" என்றாள். ஐந்தையும் பெரிய தோள்பையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் ஊர் வந்தவாசிக்கும் செய்யாறுக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. அப்பாவைப் பெற்ற ஆயா போன ஆவணியில் காலமானாள். 84 வயது. வருகிற ஆவணியில் தலை வருஷப் படையல். ஊரில் வீடு வீடாக அப்பா சொல்லிவிடுவார். வடசென்னையில் இருக்கிறவர்களுக்குச் சொல்வது என் வேலை. போனிலேயே சொல்லிவிடலாமே என்று கேட்டேன். "ஆயா யாரையாவது போன்ல சாப்பிடக் கூப்பிட்டிருக்காளா?" என்றார் அப்பா. அதற்கு மேல் நான் பேசவில்லை.

பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன், அப்புறம் கும்மிடிப்பூண்டி வண்டி. சித்தப்பா வீடு தண்டையார்பேட்டையில். ஆனால் நான் ராயபுரத்திலேயே இறங்கிவிட்டேன். அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடத்தை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. உயரமான தூண்கள் வைத்த முகப்பு. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது. போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா, எங்கள் பழைய வடஆற்காடு ஜில்லா. சுமார் 100 கிலோமீட்டர். ஆக, இந்த ஊருக்கும் எங்கள் சீமைக்கும் போக்குவரத்து நேற்றைக்கு வந்ததல்ல. பஞ்சம் வந்தால், ஏரி வற்றினால், கடன் முற்றினால் எங்கள் பக்கத்து ஆட்கள் ஏறிய வண்டியெல்லாம் வடசென்னையில்தான் கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்க, மில்லில் நூல் நூற்க, லாரி ஷெட்டில் படுத்து எழ. சித்தப்பாவும் அப்படி வந்தவர்தான்.

அவர் வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. தெரு அகலமே எட்டு அடி இருக்கும். அதில் மரத்துக்கு ஒரு அடி. இருபது வருஷத்துக்கு முன்னால் ஆயா ஊரிலிருந்து முருங்கைப் போத்து ஒன்றை வெட்டி, வெட்டுவாயில் சாணியை அப்பி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து நட்டாள். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டாராம். "குழந்தைக்கு அரை டிக்கெட் போடு" என்று ஆயா சொன்னதை சித்தப்பா இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

நான் உள்ளே நுழைந்து தண்ணீர் குடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வந்து ஒரு கொத்து முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு போனார். கேட்கவும் இல்லை, சித்தி நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "நட்ட அன்னிக்கே அத்தை தெருவையே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க பாப்பா, கீரை எல்லாருக்கும்னு. காய் மட்டும் என்னைக் கேட்டுப் பறிக்கணும்" என்றார் சித்தி.

இரண்டாம் நாள், வெள்ளி

ஆடி வெள்ளி. மைக்செட்டில் அம்மன் பாட்டு விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டது. எங்கு பார்த்தாலும் வேப்பிலைத் தோரணம்.

இன்றைக்கு ஆட்டோ அண்ணன் வந்து அழைத்துப்போனார். எங்கள் ஊர்க்காரர்தான், பழைய வண்ணாரப்பேட்டையில் குடும்பத்தோடு இருக்கிறார். முதல் பையை அவர் வீட்டில்தான் கொடுத்தேன். அவர் மனைவி மாவைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, "மிஷின்ல அரைச்சது மாதிரியே இல்லையே" என்றார். மிஷினில் அரைத்ததுதான். ஆனால் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் காயவைத்து அரைப்பது ஆயாவின் வழக்கம். அம்மா இன்னும் அதை விடவில்லை.

திரும்பும்போது அண்ணன் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஓரம் கட்டினார். பன்னிரண்டு வயதில் பனைமரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, பதினெட்டு நாள் இங்கே படுத்திருந்தவர் அவர். அப்பா இல்லாத பிள்ளை. அவர் அம்மாவுக்குச் சென்னை என்றால் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. ஆயா கூடவே வந்துவிட்டாள். தினமும் தண்டையார்பேட்டையில் சமைத்து, அடுக்கு கேரியரில் எடுத்துக்கொண்டு நடந்தே வருவாள். முதல் நாள் மூன்று பேருக்கான சோறு. மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்து. ஒரு வாரத்தில் கேரியர் போதாமல் தூக்குச் சட்டி ஒன்று புதிதாக வாங்கிவிட்டாளாம். "வார்டுல எனக்கு எத்தனாவது கட்டில்னு யாரும் கேக்க மாட்டாங்க. சோத்து ஆயா கட்டில் எதுன்னு தான் கேப்பாங்க" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

இந்த ஆஸ்பத்திரியை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். ஹைதர் அலி படையெடுப்பு காலத்துப் பஞ்சத்தில், 1782-இல், மணியக்காரர் ஒருவர் இங்கே கஞ்சி ஊற்றும் சத்திரம் தொடங்கினார். மணியக்காரர் என்ற பெயரே வெள்ளைக்காரர் வாயில் மணேகார் ஆகி, மணேகார் சத்திரம் ஆனது. கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்ததால், 1799-இல் சத்திரத்தோடு ஆஸ்பத்திரியும் சேர்ந்தது. பசிக்குக் கஞ்சி, அப்புறம்தான் மருந்து. ஆயாவுக்கு வருஷமெல்லாம் தெரியாது. வார்டில் வேலை செய்த ஒரு அம்மா இந்தக் கதையைச் சொன்னதும், "அப்போ இது நம்ம வூட்டு வாசல் மாதிரிதான்" என்று சந்தோஷப்பட்டாளாம்.

சாயங்காலம் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி திருவொற்றியூர் போய் வடிவுடையம்மனைக் கும்பிட்டேன். ஆடி வெள்ளிக் கூட்டம், ஒன்றரை மணி நேரம் வரிசை. அங்கேயே கடற்கரை ஓரம் பட்டினத்தார் சமாதி. எல்லாவற்றையும் துறந்தவர், தாய்க்குக் கொள்ளி வைக்க மட்டும் திரும்பி வந்தவர். அங்கே உட்கார்ந்தபோது போன ஆவணியில் அப்பா மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்ற முகம் ஞாபகம் வந்தது. சீக்கிரமே எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், சனி

விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேடு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் பாதியோடு முடிந்துவிட்டதால் துறைமுகம் நிறையப் படகுகள். ஏலம் போடுகிறவர்கள் விலை சொல்லும் வேகத்தில் எனக்கு ஒரு எண்ணும் பிடிபடவில்லை. சங்கரா, கானாங்கெளுத்தி, வவ்வால், கூடை கூடையாக. காலடியில் ஐஸ் கரைந்து ஓடிய தண்ணீரில் செருப்பு வழுக்கியது. சித்தப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

நாங்கள் பார்க்க வந்தது கருவாட்டம்மாவை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை எங்கள் பக்கத்துச் சந்தைக்குக் கருவாட்டுக் கூடையோடு வருவார். சந்தை முடிந்தால் கடைசி பஸ் போயிருக்கும். இரவு எங்கள் வீட்டுத் திண்ணைதான். அப்போதெல்லாம் ஊரில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்திருக்கிறார்கள். மீன்காரப் பெண்ணைத் திண்ணையில் படுக்கவைப்பதா, தெருவே நாறுகிறது என்று. ஆயா அவர்களிடம் சண்டைக்குப் போகவில்லை. கூடையைத் தூக்கித் தோட்டத்தில் வைத்துவிட்டு, அவரைத் திண்ணையிலிருந்து கூடத்துக்குள் கூப்பிட்டுப் படுக்கவைத்துக்கொண்டாள். நாற்றம் கூடையில் இருக்கிறது, பெண்பிள்ளையிடம் இல்லை என்று முணுமுணுத்தவர்கள் காதில் விழும்படி சொன்னாள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். நான் பார்த்தேன்.

கருவாட்டம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. சந்தைக்குப் போவதில்லை. சந்து முனையில் சாக்கு விரித்து நெத்திலி, வாளை, சென்னாக்குன்னி பரப்பி விற்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"வா கண்ணு. உங்க ஆயா சாவுக்கு வர முடியல. கால்ல ஆணி ரோகம், நடக்க முடியல. ஆனா அன்னிக்கு நான் கடை போடல."

அப்புறம் சுனாமிக் கதையைச் சொன்னார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அவர் புருஷனின் படகும் வலையும் போய்விட்டன. ஆள் பிழைத்தார். நாலாம் நாள் ஆயா என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூட்டை அரிசியோடு வந்து இறங்கியிருக்கிறாள். இவ்வளவு எனக்கும் தெரியும். மீதி இன்றுதான் தெரிந்தது.

"எங்களுக்குப் பொட்டலம் வந்துகிட்டு தான் கண்ணு இருந்துச்சு. யார் யாரோ மவராசனுங்க லாரில கொண்டாந்து குடுத்தாங்க. ஆனா நாலு நாளா சூடா ஒரு வாய் எறங்கல. உங்க ஆயா வந்துச்சு, மூணு கல்லு தேடிப்போட்டுச்சு, ரசம் வச்சுச்சு. மொளவு தட்டிப்போட்ட ரசம். ஆறு நாள் இங்கியே இருந்துச்சு. அதுக்கு முன்ன அது கடலையே பாத்ததில்ல, தெரியுமா? வந்தும் பாக்கல. கடலுக்கு முதுகக் காட்டிக்கினே ஒக்காந்து சமைச்சுது. திரும்பிப் பாரும்மான்னு நான் கூப்புட்டேன். எம்மேல கோவமில்ல, அதுமேலதான் கோவம், அது மூஞ்சில முழிக்க மாட்டேன்னுச்சு. போற அன்னிக்கும் பாக்காமலே பஸ் ஏறிட்டுது."

ஆயா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இடத்தைக் கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். இப்போது அங்கே யாரோ வலையைக் காயப்போட்டிருக்கிறார்கள்.

ஊரில் இருந்த நாளெல்லாம் ஆயா கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடலைப் பார்த்ததே இல்லையே என்று நாங்கள் கேலிகூடச் செய்திருக்கிறோம். அவளும் "ஆமாண்டி, பாக்கல" என்றுதான் சொல்வாள். அது பொய்யில்லை என்று இன்று காலை ஆறு மணிக்குத் தெரிந்துகொண்டேன்.

மஞ்சள் பையைக் கொடுத்தேன். மாவையும் பருப்பையும் வேறு பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு, அதே பையில் சென்னாக்குன்னியும் வாளைக் கருவாடும் அள்ளி அள்ளிப் போட்டார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "வெறும் பையத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே உங்க ஆயாதான்" என்று தட்டிவிட்டார். படையலுக்கு மகனோடும் இரண்டு பேத்திகளோடும் காரிலாவது வந்துவிடுவாராம்.

மதியத்துக்கு மேல் புளியந்தோப்பு. மில் மாமா வீடு. பக்கிங்காம் கர்நாடிக் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 1918-இல் திரு.வி.க.வும் வாடியாவும் சேர்ந்து தொழிலாளர் சங்கம் கட்டியது இந்த மில்காரர்களை வைத்துத்தான். இந்தியாவில் தொழிற்சங்கம் என்று முறையாக முளைத்ததே இங்கேதான் என்று மாமா இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். 1996-இல் மில்லை மூடினார்கள். மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்தார், எட்டு மாதம் இருந்தார். சங்கு ஊதினால் வேலைக்குப் போய்ப் பழகிய மனுஷன், ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அவரிடம் போய் அரிசி வாங்கிக்கொள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆயாவும் சொல்லவில்லை. அத்தையைக் கூப்பிட்டனுப்பி, "விதைக்கு மல்லாட்டை உடைக்க ஆள் பத்தலை, நீ வந்தா புண்ணியமா போவும்" என்றாள். விதை மல்லாட்டையைக் கையால்தான் உடைக்க வேண்டும். மேல்தோல் உரிந்தால் முளைக்காது. அத்தை தினமும் வந்தார். பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்து உடைத்தார்கள். கூலி தானியமாக. ஆயா படியைத் தலை தட்டி அளக்க மாட்டாள். கோபுரமாகக் குவித்து, அது சரிந்து விழுவதும் சேர்ந்து போகும்படி முறத்தில் கொட்டுவாள். அந்தக் கை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. காப்புக் காய்ச்சிய உள்ளங்கை, படியின் விளிம்பில் கட்டைவிரல், குவியலின் உச்சியில் இன்னும் ஒரு பிடி.

"ஒரு சமாச்சாரம் சொல்லட்டுமா?" என்றார் மாமா. "அந்த வருஷம் உங்களுக்கு விதை ஏற்கெனவே உடைச்சு முடிஞ்சு போச்சு. பானையில கட்டி வச்சிருந்தது. அது தெரியாம எங்க வூட்டுக்காரி மூணு மாசம் உடைச்சா. உடைச்சதையெல்லாம் செக்குக்கு அனுப்பி எண்ணெயா ஆட்டிட்டாங்க. இது எனக்கு ஏழெட்டு வருஷம் கழிச்சு உங்க அப்பன் சொல்லித்தான் தெரியும். முன்னமே தெரிஞ்சிருந்தா நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்."

அத்தை உள்ளேயிருந்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். மாமா திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் இன்றுதான் அவருக்கும் அது தெரிகிறது போலிருக்கிறது. நான் ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்தேன்.

இந்த இடத்தில் ஒன்றை எழுதாமல் விட்டால் அம்மாவுக்குத் துரோகம் செய்ததாகிவிடும். ஆயா வாசலில் நின்று வாங்க வாங்க என்றால், உள்ளே அடுப்பில் வெந்தது அம்மா. பத்துப் பேர் என்றால் பதினைந்து பேருக்கு உலை வைப்பது ஆயா வழக்கம். அரைப்பதும் இடிப்பதும் பாதி அம்மா கை. பாரதக் கூத்து நடக்கிற நாட்களில் கூத்துக்காரர்கள் மொத்தப் பேரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். அந்த நாட்களில் அம்மா அழுததையும் பார்த்திருக்கிறேன். ஆயாவுக்கு அது தெரியாமல் இல்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், அம்மாவை உட்காரவைத்துத் தானே பரிமாறுவாள். மருமகள் கை கழுவுகிறவரை தன் இலையைப் போட மாட்டாள். இரவில் நல்லெண்ணெய் காய்ச்சி அம்மா இடுப்பில் தேய்த்துவிடுவாள். அதனால் வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு ஐந்து பை கட்டி அனுப்பியவள் அதே அம்மாதான், யாரும் சொல்லாமல்.

நான்காம் நாள், ஞாயிறு

தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். நேற்று ராத்திரி பத்து மணிக்கே வேலை தொடங்கிவிட்டது. நாலு பைகள் போய்ச் சேர்ந்தாகிவிட்டன, சித்தியுடையதும் சேர்த்து. ஐந்தாவது யாருக்கு என்று அம்மா சொல்லவே இல்லை. போன் செய்து கேட்டேன். "அங்க ஆடிக்கூழ் ஊத்துவாங்க இல்ல?" என்றாள்.

அண்டாவில் நொய் வெந்துகொண்டிருந்தது. முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்த மாவை மூன்று பெண்கள் சேர்ந்து ஊற்றினார்கள். சித்தி துடுப்பைப் பிடித்தார். மாவு இறுகத் தொடங்கினால் துடுப்பு நகராது. இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுக் கிண்ட வேண்டும். நான் ஐந்து நிமிஷம் கிண்டினேன், தோள் கழன்றுவிட்டது. சித்தி தண்ணீரில் கையை நனைத்து, கொதிக்கிற களியின் மேல் ஒரு தட்டு தட்டி எடுத்தார். கையில் ஒட்டவில்லை. "வெந்துட்டுது" என்றார். ஆயா அப்படித்தான் பார்ப்பாள். அப்படியே, அதே இடதுகை.

காலையில் களியைப் பிசைந்து, மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டார்கள். எங்கள் வாசல் மரத்து முருங்கைக்கீரைப் பொரியல். கருவாட்டம்மா கொடுத்த வாளையில் குழம்பு, சென்னாக்குன்னி வறுவல். அம்மனுக்குப் படைத்து முடித்ததும் தெரு முழுக்கச் சொம்பும் தூக்கும் குடமுமாக வரிசை. பள்ளிப் பிள்ளைகள், வண்டி ஓட்டுகிறவர்கள், வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் நாலைந்து பேர். அவர்களுக்குக் கூழை எப்படிக் குடிப்பது என்று தெரியவில்லை. ஆட்டோ அண்ணன் மோர் மிளகாயைக் கடித்து, ஒரு வாய் குடித்துக் காட்டினார். ஒரு பையனுக்குக் காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் இரண்டாவது சொம்புக்கு வந்து நின்றான்.

பதினோரு மணிக்கு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தோம். மாலை வண்டிக்குக் கிளம்பும்போது என் தோள்பை வந்ததைவிடக் கனம். கருவாடு, அத்தை கொடுத்த பிள்ளைகளுக்கான துணி, ஆட்டோ அண்ணன் வீட்டு முறுக்கு, திருவொற்றியூர் குங்குமம்.

பீச் ஸ்டேஷனில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"எல்லாருக்கும் சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேம்பா. எல்லாரும் வராங்க."

"மெட்ராஸ்லேருந்து மொத்தம் எத்தனை பேரு?"

விரல் விட்டு எண்ணினேன். "முப்பது பேர் வரும்பா."

மறுமுனையில் அப்பா அம்மாவிடம் எதையோ கேட்பதும், அம்மா பதில் சொல்வதும் கேட்டது.

"சரி" என்றார். "நாப்பத்தஞ்சு பேருக்கு உலை வைக்கச் சொல்றா அம்மா."